பூட்டு போட்ட படங்கள், பின்வாசல் திறந்த ரசிகர்கள்: இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?

மாதச் சந்தா தவறாமல் கட்டுகிறோம். ஆசையாகப் படத்தின் பெயரைத் தட்டினால், 'இது உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று திரை கையை விரிக்கிறது! காசை நீட்டிக்கொண்டு ரசிகர் நிற்கிறார், வாங்கிப் போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. இப்படி ஒரு வியாபாரத்தை உலகத்தில் வேறெங்காவது பார்க்க முடியுமா?

சினிமா பிறந்த காலத்திலிருந்தே இந்தப் பூட்டு இருக்கிறது. பூட்டைத் திறந்தவர்களும் அன்றிலிருந்தே இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் 'திருடர்கள்' என்ற ஒரே மூட்டையில் கட்டிப் போட்டுவிட முடியாது. ஏன் என்பதற்கு உலகம் முழுக்கச் சாட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சினிமாக் கதைதான். வாருங்கள், பார்ப்போம்!

1. டிவிடி உலகத்தில் நம் எண் 5 என்பது தெரியுமா?

பரணில் பழைய ஒரிஜினல் டிவிடி கிடந்தால் எடுத்துப் பின் அட்டையைப் பாருங்கள். ஓர் ஓரத்தில் குட்டி உலக உருண்டை, அதன் நடுவில் ஓர் எண் இருக்கும். ஹாலிவுட் நிறுவனங்கள் உலகத்தைக் கூறு போட்ட கணக்கு அது! அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பாவும் ஜப்பானும் 2. சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியா 3. ஆஸ்திரேலியாவும் லத்தீன் அமெரிக்காவும் 4. இந்தியா, இலங்கை, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனாவுக்குத் தனியாக 6. விமானங்களுக்கும் சொகுசுக் கப்பல்களுக்கும்கூட 8 என்று ஒரு மண்டலம்!

ஒரு மண்டலத்து வட்டு இன்னொரு மண்டலத்து பிளேயரில் ஓடாது. டொரண்டோவில் இருக்கும் அண்ணன் காசு கொடுத்து வாங்கி அனுப்பும் ஒரிஜினல் டிவிடி, சென்னையில் இருக்கும் தங்கை வீட்டில் வெறும் வட்டுதான். லண்டன் சித்தப்பா அனுப்பினாலும் அதே கதிதான். பாரிமுனை பர்மா பஜாரில் வாங்கிய திருட்டு டிவிடியோ எந்த ஊரிலும், எந்த பிளேயரிலும் ஜம்மென்று ஓடும். நேர்மையாக வாங்கியவருக்குத் தண்டனை, மற்றவருக்குச் சலுகை! பூட்டு யாரைத் தடுக்கிறது என்பது இந்த ஓர் உதாரணத்திலேயே தெரிந்துவிடுகிறது.

2. இந்தப் பூட்டு ஒரு பிரதமரையே மடக்கியது தெரியுமா?

2009 மார்ச் மாதம். பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் வெள்ளை மாளிகைக்குப் போகிறார். அமெரிக்க அதிபர் ஒபாமா அவருக்கு 25 அமெரிக்க கிளாசிக் படங்களின் டிவிடிகளைப் பரிசாகக் கொடுக்கிறார். ஊருக்குத் திரும்பிய பிரதமர் ஒரு படத்தைப் போட்டுப் பார்த்தபோது ஓடவில்லை, மண்டலம் வேறு என்று லண்டன் பத்திரிகைகள் எழுதித் தள்ளின! உலகின் மிகச் சக்தி வாய்ந்த மனிதர் கொடுத்த பரிசுக்கே அந்தக் கதி.

3. ஹாலிவுட் பூட்டைத் திறந்தவருக்கு வயது 15 என்பது தெரியுமா?

நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன். 1999-ல் அவருக்கு வயது 15. லினக்ஸ் கணினியில் டிவிடி பார்க்க அப்போது வழியே கிடையாது. டிவிடியின் ரகசியப் பூட்டை உடைக்கும் சிறிய மென்பொருள் ஒன்றை இன்னும் இருவரோடு சேர்ந்து உருவாக்கி வெளியிட்டார். வழக்கு பாய்ந்தது! 2003 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. 'அவர் வாங்கிய டிவிடியை அவர் பார்ப்பதில் குற்றம் இல்லை' என்பதுதான் அதன் சாரம். மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு டிசம்பரில் அவர் விடுதலையானார். காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பயன்படுத்த நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்பதுதான் இதில் பெரிய ஆச்சரியம்!

4. தமிழ் சினிமாவுக்கும் மண்டலப் பூட்டு உண்டு, தெரியுமா?

டிவிடிக்கு முன்பே, தொலைக்காட்சிக்கும் முன்பே நம் விநியோகஸ்தர்கள் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்துவிட்டார்கள். சென்னை நகரம், செங்கல்பட்டு, வட ஆற்காடு–தென் ஆற்காடு, திருச்சி–தஞ்சாவூர், மதுரை–ராமநாதபுரம், திருநெல்வேலி–கன்னியாகுமரி, சேலம், கோவை. மாவட்டங்கள் உடைந்து புதிய பெயர்கள் வந்த பிறகும் சினிமா வியாபாரத்தில் பழைய வரைபடம்தான் இன்றும் செல்லும்! வெளிநாட்டுக்கு எஃப்.எம்.எஸ். உரிமை தனி, தொலைக்காட்சி தனி, ஓடிடி தனி, பாடல் தனி.

இப்படிப் பிரித்து விற்பதில் தவறில்லை. தயாரிப்பாளர் வட்டிக்கு வாங்கிய பணத்தைத் திருப்ப அதுதான் வழி. பிரித்த துண்டு ஒன்றை யாருமே வாங்காமல் போனால்தான் சிக்கல். அந்த ஊர்க்காரருக்குப் படம் கிடையாது. கேட்டாலும் கிடையாது, காசு கொடுத்தாலும் கிடையாது.

ஏரியாவோடு கால இடைவெளியும் சேர்ந்துகொண்டால் இன்னும் வேடிக்கை! 2023-ல் 'லியோ' வெளியானது. ஹிந்திப் பதிப்பை வட இந்தியாவின் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் திரையிடவில்லை. திரையரங்குக்கும் ஓடிடிக்கும் இடையே எட்டு வாரம் வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை, படக்குழுவின் ஒப்பந்தமோ நான்கு வாரம். அந்தக் கணக்கு வழக்கில் வடக்கே இருந்த விஜய் ரசிகருக்கு என்ன பங்கு?

5. வழக்குப் போட்டதால் ஒரு படம் உயிர் பிழைத்தது தெரியுமா?

இது நம் மண்ணின் கதை. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரிக்க, பி.வி.ராவ் இயக்கிய மௌனப் படம் 'மார்த்தாண்ட வர்மா'. 1933-ல் திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் திரையிடப்பட்டது. சி.வி.ராமன் பிள்ளையின் புகழ்பெற்ற நாவல்தான் கதை. ஆனால் நாவலின் உரிமை கமலாலயா புத்தக நிலையத்திடம் இருந்தது. 'எங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள்' என்று வழக்குப் போட்டார்கள். படச்சுருள் பறிமுதல்! தயாரிப்பாளர் நொடித்துப்போனார்.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். அந்தப் படச்சுருள் புத்தக நிலையத்திலேயே முடங்கிக் கிடந்தது. சுமார் நாற்பது ஆண்டுகள்! 1974-ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. தென்னிந்திய மௌனப் படங்கள் ஏறக்குறைய அத்தனையும் அழிந்துபோன நிலையில், இது பிழைத்திருந்தது! முறையாக வெளியான ஜே.சி.டேனியலின் 'விகதகுமாரன்' இன்று இல்லை. நம் முதல் பேசும் படமான 1931-ன் 'காளிதாஸ்' இன்று இல்லை. உரிமை மீறிய படம் மட்டும் இருக்கிறது. எங்கோ ஒரு பிரதி இருந்தால்தான் கலை பிழைக்கும், அது எப்படி வந்த பிரதி என்று காலம் கேட்பதில்லை.

6. நீதிமன்றம் அழிக்கச் சொன்ன படம் இன்று உலக கிளாசிக், தெரியுமா?

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை உரிமை வாங்காமல் ஜெர்மனியில் 1922-ல் படமாக எடுத்தார்கள். இயக்குநர் முர்னாவ். டிராகுலாவின் பெயரை 'ஓர்லாக் பிரபு' என்று மாற்றினார்கள், படத்துக்கு 'நாஸ்ஃபெரட்டு' என்று பெயர் வைத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளாரன்ஸ் விடவில்லை. ஆண்டுக்கணக்கில் போராடினார். 1925-ல் அத்தனை பிரதிகளையும் அழிக்க உத்தரவு வந்தது! அதற்குள் சில பிரதிகள் எல்லை தாண்டிப் போயிருந்தன. அந்தப் பிரதிகள்தான் இன்று திரைப்படக் கல்லூரிகளில் பாடம். திகில் படம் எடுக்கும் ஒவ்வொரு இயக்குநரும் அந்தப் பிரதிகளுக்குக் கடன்பட்டவர்.

7. நிலாவுக்குப் போன முதல் படமும் பைரசிக்குத் தப்பவில்லை, தெரியுமா?

பிரான்சின் ஜார்ஜ் மெலியஸ் 1902-ல் எடுத்த 'நிலாவுக்குப் பயணம்' அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. ஆனால் காசு மெலியஸுக்குப் போகவில்லை! எடிசன் நிறுவனம் உட்படப் பலரும் நகல் எடுத்து ஓட்டினார்கள். இன்று பைரசிக்கு எதிராக முழங்கும் அமெரிக்கத் திரைத்தொழில் தவழ்ந்து வளர்ந்த முற்றம் இது. இதில் மெலியஸுக்கு நேர்ந்தது அப்பட்டமான அநியாயம், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. உழைத்தவர் கைக்குக் காசு போக வேண்டும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவம் அவருடைய படச்சுருள்களை உருக்கி பூட்ஸ் குதிகால் செய்தது. 1923-ல் மனம் நொந்த மெலியஸ், மிச்சமிருந்த நெகட்டிவ்களைத் தன் கையாலேயே எரித்தார். 500-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவர் அவர்! இன்று சுமார் 200 மிஞ்சியிருக்கின்றன என்றால் உலகமெங்கும் சிதறிக் கிடந்த பிரதிகளின் புண்ணியம்தான்.

8. மனித எலும்பின் மேல் பாட்டு பதிந்தார்கள், தெரியுமா?

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சோவியத் யூனியன். ஜாஸ் இசைக்குத் தடை, ராக் அண்ட் ரோலுக்குத் தடை, நாட்டை விட்டுப் போன ரஷ்யப் பாடகர்களுக்கும் தடை. லெனின்கிராடு இளைஞர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆஸ்பத்திரிகள் கழித்துப் போட்ட எக்ஸ்ரே ஃபிலிம்களை வாங்கினார்கள். கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டினார்கள். எரியும் சிகரெட்டை நடுவில் வைத்து ஓட்டை போட்டார்கள். தாங்களே தயாரித்த கருவியில் வைத்துப் பாட்டைக் கீறிப் பதித்தார்கள்!

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் யாரோ ஒருவரின் விலா எலும்பு தெரியும், மண்டையோடு தெரியும், முறிந்த கை தெரியும். கிராமஃபோனில் வைத்தால் ஜாஸ் கேட்கும். ஒரு பக்கம் மட்டும்தான் பாடும், சில தடவை போட்டதும் தேய்ந்துவிடும். அப்படியும் தெருமுனையில் கோட்டுக்குள் மறைத்து வைத்து விற்றார்கள், வாங்க ஆட்கள் வரிசையில் வந்தார்கள். இதற்காகச் சிறை சென்றவர்களும் உண்டு. பாட்டின் மேல் அவ்வளவு தாகம்! அந்தத் தாகத்தைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

9. ஒரே பெண்ணின் குரலில் ஒரு நாடே ஹாலிவுட் பார்த்தது தெரியுமா?

1980-களின் ருமேனியா. சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி. அரசுத் தொலைக்காட்சி ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான். அதிலும் பெரும்பாலும் தலைவர் புகழ்! அப்போது எல்லை தாண்டிக் கடத்தி வரப்பட்டன வி.எச்.எஸ். கேசட்டுகள். அவற்றுக்கு ருமேனிய மொழியில் குரல் கொடுத்தவர் இரினா மார்கரெட்டா நிஸ்டர். பகலில் அரசுத் தொலைக்காட்சியில் மொழிபெயர்ப்பாளர் வேலை, மற்ற நேரத்தில் ரகசிய டப்பிங். கதாநாயகன், கதாநாயகி, வில்லன், குழந்தை என எல்லோருக்கும் அவர் ஒருவர் குரல்தான்! ஆயிரக்கணக்கான படங்கள்!

திரையை இழுத்து மூடிய வீடுகளில் அக்கம்பக்கத்தினர் கூடி உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தார்கள். அந்தக் குரலை நாடே அறியும், முகம் யாருக்கும் தெரியாது. வெளியே ஒரு பெரிய உலகம் இருக்கிறது என்பதை அந்தக் கேசட்டுகள் காட்டின என்று பின்னாளில் ருமேனியர்களே சொன்னார்கள். 2015-ல் இது ஆவணப்படமாகவும் வந்தது.

10. இணையம் இல்லாமலே ஓடிடி நடத்திய நாடு தெரியுமா?

கியூபாதான்! 1960-களிலிருந்து அமெரிக்காவின் வர்த்தகத் தடை. அமெரிக்கத் தொடர்களை முறைப்படி வாங்க வழியில்லை, இணையமும் அரிதாக இருந்தது. அங்கே முளைத்தது 'எல் பாகெத்தே', வாராந்திரப் பொட்டலம். புதிய படங்கள், தொடர்கள், பாட்டுகள், மென்பொருள்கள், வரி விளம்பரங்கள்கூட உண்டு, ஏறக்குறைய 1 டெராபைட்! ஒவ்வொரு வாரமும் ஹார்ட் டிஸ்க்கில் ஏறி ஊர் ஊராக, கை மாறிக் கை மாறி வீடு தேடி வந்தது. வேண்டியதை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார்கள். பூட்டு எவ்வளவு பெரிதோ, பின்வாசலும் அவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

11. பிபிசி அழித்ததை ரசிகர்கள் காப்பாற்றினார்கள், தெரியுமா?

'டாக்டர் ஹூ' தொடரின் 1960-களின் நாடாக்களை பிபிசியே அழித்தது! நாடா விலை அதிகம், வைக்க இடமில்லை, மறு ஒளிபரப்புக்கு வாய்ப்பில்லை என்று நினைத்தார்கள். 90-க்கும் மேற்பட்ட அத்தியாயங்களின் படம் போனது போனதுதான். ஆனால் ஒன்று மட்டும் தப்பியது. அந்த அத்தியாயங்கள் எல்லாவற்றின் ஒலியும் இன்று இருக்கிறது! எப்படி? வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, யாரையும் கேட்காமல் ரசிகர்கள் பதிவு செய்துவைத்திருந்தார்கள். அந்த ஒலியை வைத்துத்தான் பிபிசியே பின்னாளில் அனிமேஷன் செய்து, அதை விற்றுக் காசும் பார்த்தது. தொலைந்திருந்த வேறு ஒன்பது அத்தியாயங்களோ 2013-ல் நைஜீரியாவில் கிடைத்தன!

12. ஹாலிவுட் ஒரு காலத்தில் விசிஆரையே ஒழிக்கப் பார்த்தது தெரியுமா?

தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் சோனியின் பீட்டாமேக்ஸ் கருவிக்கு எதிராக யுனிவர்சல் நிறுவனம் வழக்குப் போட்டது. 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் கருவியைக் காப்பாற்றியது! 'குடும்பங்கள் தங்களுக்கு வசதியான நேரத்தில் என் நிகழ்ச்சியைப் பார்க்கட்டும்' என்ற கருத்தில் சாட்சி சொன்னவர் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ரோஜர்ஸ். தீர்ப்பிலேயே அவர் சாட்சியம் இடம்பெற்றது. சில ஆண்டுகளில் என்ன ஆயிற்று? வீடியோ கேசட் விற்பனையே ஹாலிவுட்டின் பெரிய வருமானம் ஆனது! ஒழிக்கப் பார்த்த கருவிதான் சோறு போட்டது.

13. பைரசியை நிறுத்தச் சொல்லித் தூதரே கெஞ்சினார், தெரியுமா?

2013 ஏப்ரல். ஆஸ்திரேலியாவுக்கான அமெரிக்கத் தூதர் ஜெஃப்ரி பிளைஷ் ஃபேஸ்புக்கில் எழுதினார். போர், வர்த்தகம் பற்றியெல்லாம் இல்லை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரைத் திருட்டுத்தனமாக டவுன்லோடு செய்யாதீர்கள் என்று! அங்கே அந்தத் தொடரின் தொலைக்காட்சி உரிமை ஒரே கேபிள் நிறுவனத்தின் கையில் இருந்தது. அடுத்த ஆண்டு இன்னும் இறுக்கினார்கள். சீசன் முடியும்வரை வேறு கடையில் அத்தியாயம் வாங்கவே முடியாது. முழு பேக்கேஜையும் வாங்கு, இல்லாவிட்டால் காத்திரு! மக்கள் காத்திருக்கவில்லை. அதிகம் பைரசி செய்யப்பட்ட தொடர் என்று கின்னஸ் புத்தகமே அதைப் பதிவு செய்தது.

2016-ல் ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித் திறன் ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போனது. வேறு நாட்டுக் கடையில் காசு கொடுத்து வாங்குவதற்காக மண்டலத் தடையைத் தாண்டுவது உரிமை மீறல் ஆகாது என்பதைச் சட்டத்தில் தெளிவாக்குங்கள் என்று பரிந்துரைத்தது! அரசாங்கத்தின் ஆலோசனை அமைப்பே சொன்னது இது.

14. எந்தத் தொடரை வாங்குவது என்று நெட்ஃபிளிக்ஸ் யாரிடம் கற்றது தெரியுமா?

பைரசி தளங்களிடம்! 2013-ல் நெதர்லாந்தில் கடை விரித்தபோது, அங்கே பைரசி தளங்களில் எது அதிகம் ஓடுகிறது என்று பார்த்து அதை வாங்கினோம் என்று அந்நிறுவனத்தின் துணைத் தலைவர் கெல்லி மெரிமேன் வெளிப்படையாகச் சொன்னார். உதாரணம், 'பிரிசன் பிரேக்'.

இன்னொன்று கேளுங்கள். ஜப்பானிய அனிமேக்கு இன்று உலகின் பெரிய கடை 'கிரஞ்சிரோல்'. 2006-ல் அது தொடங்கியது எப்படி? ரசிகர்கள் தாங்களே சப்டைட்டில் போட்டு, உரிமை இல்லாமல் ஏற்றிய வீடியோக்களின் தளமாக! 2009-ல் முறையான ஒப்பந்தங்களுக்கு மாறியது. 2021-ல் சோனி அதை வாங்கிய விலை 117.5 கோடி டாலர். பின்வாசலாக இருந்தது தலைவாசலாகவே ஆகிவிட்டது!

15. பைரசியை ஒழிக்கும் மருந்து ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது தெரியுமா?

நார்வேயில் 2008-ல் சட்டவிரோதமாக நகலெடுக்கப்பட்ட பாடல்கள் சுமார் 120 கோடி என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2012-ல்? வெறும் 21 கோடி! இடையில் போலீஸ் படை எதுவும் இறங்கவில்லை. ஸ்பாட்டிஃபை வந்தது, அவ்வளவுதான். எல்லாப் பாட்டும் ஒரே இடத்தில், நியாயமான விலையில். கனடாவில் நெட்ஃபிளிக்ஸ் வந்த பிறகு டோரண்ட் போக்குவரத்து பாதியாகக் குறைந்தது என்று அதன் நிறுவனர் ரீட் ஹேஸ்டிங்ஸும் சொன்னார்.

அப்புறம் ஏன் மறுபடி ஏறியது? ஒவ்வொரு ஸ்டூடியோவும் தனிக்கடை திறந்ததால்! 'ஃபிரெண்ட்ஸ்' தொடரை நெட்ஃபிளிக்ஸிடமிருந்து எடுத்து எச்பிஓ மேக்ஸில் வைக்க ஐந்து ஆண்டுகளுக்கு 42.5 கோடி டாலர் பேசப்பட்டது. ஒரு தொடருக்கு ஒரு சந்தா, ஒரு கிரிக்கெட் போட்டிக்கு இன்னொரு சந்தா. பைரசித் தளங்களுக்கான வருகை 2020-ல் சுமார் 13,000 கோடி, 2023-ல் சுமார் 22,900 கோடி என்கிறது மூசோ என்ற கண்காணிப்பு நிறுவனம். மருந்து வேலை செய்தது, நிறுத்தியவுடன் நோய் திரும்பிவிட்டது!

16. ஐரோப்பா ஓர் ஆய்வை ஒளித்து வைத்தது தெரியுமா?

பைரசியால் விற்பனை எவ்வளவு குறைகிறது என்று கண்டுபிடிக்க ஐரோப்பிய ஆணையம் 3,60,000 யூரோ செலவில் ஆய்வு நடத்தியது. 2015-ல் முடிந்த அறிக்கை வெளிவரவே இல்லை. 2017-ல் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஜூலியா ரெடா தகவல் கேட்டு வாங்கி வெளியிட்டபோது எல்லோருக்கும் ஆச்சரியம்! இசைக்கும் புத்தகத்துக்கும் வீடியோ விளையாட்டுக்கும் விற்பனை குறைவதாக உறுதியான புள்ளிவிவரச் சான்று இல்லை. புதிதாக வெளியான பெரிய படங்களில் மட்டும் தெளிவான இழப்பு. பத்துப் படம் திருட்டாகப் பார்க்கப்பட்டால், முறையாகப் பார்க்கப்படுவது நான்கு குறைகிறது.

இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பேச வேண்டும். நேற்று வெளியான படத்தைத் தியேட்டரில் கேமரா வைத்துத் திருடுவது லைட்மேன் முதல் தயாரிப்பாளர் வரை அத்தனை பேர் வயிற்றிலும் அடிப்பது. முப்பது ஆண்டாக எங்கேயும் விற்காத படத்தை ஒருவர் நகலெடுத்து வைப்பது யார் வயிற்றிலும் அடிப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, ஒரே கம்பை ஓங்குவதுதான் தவறு.

17. காசு கொடுத்து வாங்கினாலும் உங்களுடையது இல்லை, தெரியுமா?

2009 ஜூலையில் அமெரிக்காவில் கிண்டில் வாசகர்கள் சிலர் கருவியைத் திறந்தபோது வாங்கிய புத்தகத்தைக் காணோம்! அமேசான் தொலைவிலிருந்தே அழித்திருந்தது. எந்தப் புத்தகம்? ஜார்ஜ் ஆர்வெலின் '1984'! விற்றவருக்கு அமெரிக்காவில் உரிமை இல்லை. அதே நாவல் அப்போதே ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் பொதுச் சொத்து. இந்தியாவில் 2011 முதல் பொதுச் சொத்து. ஒரே புத்தகம், ஓர் எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் சுதந்திரம்! அமேசான் பணத்தைத் திருப்பியது, மன்னிப்புக் கேட்டது. வழக்கு 1,50,000 டாலரில் சமரசம் ஆனது.

2023 டிசம்பரில் சோனி பிளேஸ்டேஷனில் மக்கள் 'வாங்கிய' டிஸ்கவரி நிகழ்ச்சிகள், 1,300-க்கும் மேற்பட்ட சீசன்கள், நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. கூச்சல் எழுந்த பிறகுதான் பின்வாங்கினார்கள். இதையெல்லாம் பார்த்து கலிஃபோர்னியா ஒரு சட்டமே போட்டது. 2025 ஜனவரி முதல், வெறும் உரிமத்தைக் கொடுத்துவிட்டு 'வாங்குங்கள்' என்று விற்கக் கூடாது, உண்மையைச் சொல்லியாக வேண்டும்!

18. ஏழே வாரத்தில் ஒரு முழுப் படம் மாயமானது தெரியுமா?

'கிரேட்டர்'. நிலாவில் சுற்றுலா போகும் குழந்தைகளின் கதை. 2023 மே 12 அன்று டிஸ்னி பிளஸில் மட்டும் வெளியானது. ஜூன் 30-ல் நீக்கப்பட்டது! தியேட்டரில் இல்லை, டிவிடி இல்லை, வேறு தளத்தில் இல்லை. பின்னர் டிஜிட்டல் கடைகளுக்கு வரும்வரை அதை எடுத்தவர்களுக்கே தங்கள் படத்தைக் காட்ட முறையான வழி இருக்கவில்லை. சுமார் 9 கோடி டாலரில் எடுத்த 'பேட்கேர்ள்' படத்தையோ 2022-ல் ஒரு நாள்கூட வெளியிடாமல் பெட்டியில் போட்டது வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி, வரிக் கணக்குக்காக!

முன்பெல்லாம் படம் தோற்றாலும் ஊரில் ஏதோ ஒரு கடையில் கேசட் இருக்கும். ஒரே நிறுவனத்தின் ஒரே சர்வரில் மட்டும் இருக்கும் படம், ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும். இன்றைய பெரிய ஆபத்து இதுதான்.

19. திருட்டு விசிடிக்குக் குண்டர் சட்டம், தெரியுமா?

தமிழ்நாட்டில் 2004-ல் செய்த திருத்தத்தில் வீடியோ பைரசியும் குண்டர் சட்டத்துக்குள் வந்தது. விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்! 2023-ல் மத்திய அரசின் திருத்தம் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் முதல் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம் என்றது. 2012-ல் '3', 'தம்மு' படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் விமியோ போன்ற நல்ல தளங்களையே மொத்தமாக மூடின! அடுத்த மாதமே நீதிமன்றம், குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று விளக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு சட்டத்துக்குப் பிறகும் பைரசி போகவில்லை. வேறு வழியில் யோசித்தவர் இயக்குநர் சேரன். 2015-ல் 'சினிமா டு ஹோம்' திட்டத்தில் தன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரடியாக டிவிடியில், 50 ரூபாய்க்கு, முகவர்கள் மூலம் வீடு வீடாகக் கொண்டுபோனார். திட்டம் நிலைக்கவில்லை, ஆனால் அவர் பிடித்தது சரியான நூல். ரசிகர் வீட்டு வாசலுக்கு நியாயமான விலையில் போவதுதான் பைரசியை வெல்லும் ஒரே வழி.

20. கடைசியாக, நம் சட்டத்திலேயே ஒரு சாவி இருக்கிறது, தெரியுமா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957. பிரிவு 31. வெளியான ஒரு படைப்பை மறுபடி வெளியிடவோ நிகழ்த்தவோ உரிமையாளர் மறுத்து, அதனால் மக்களுக்கு அது கிடைக்காமல் போனால், முறைப்படி விண்ணப்பித்து, நியாயமான தொகை கொடுத்து, கட்டாய உரிமம் பெறலாம்! உரிமை என்பது பூட்டி வைக்கும் அதிகாரம் மட்டும் அல்ல என்று நம் சட்டம் அன்றே சொல்லிவிட்டது. சாமானிய ரசிகர் அந்தப் பிரிவைப் பயன்படுத்தும் அளவுக்கு வழி எளிதாக இல்லை என்பதுதான் குறை.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். விற்கிற படத்தைக் காசு கொடுத்துப் பாருங்கள், புதுப் படத்தின் திருட்டுப் பிரதியைத் தொடாதீர்கள். ஆனால் எந்தக் கடையிலும், எந்தத் தளத்திலும், எந்த விலைக்கும் கிடைக்காத படத்தைக் காப்பாற்றி வைத்திருப்பவரைத் திருடர் என்று அழைப்பதை நிறுத்துவோம். ஐந்து ஆண்டு ஒரு நாட்டில் விற்பனைக்கே வராத படைப்பை, உரிமையாளருக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கிவிட்டு, நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தாராளமாக நகலெடுத்து மக்களுக்குத் தரலாம் என்று சட்டம் வர வேண்டும். தமிழ்ப் படங்களின் உரிமை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பெட்டியில் தூங்கும் படங்களை ஏதாவது ஒரு தளத்தில், எல்லா நாட்டுத் தமிழரும் பார்க்கும்படி ஏற்றிவிடுங்கள். உங்கள் வீட்டில் பழைய கேசட்டோ, விசிடியோ, நாடாவோ இருந்தால் குப்பையில் போடாதீர்கள். அது அந்தப் படத்தின் கடைசிப் பிரதியாக இருக்கலாம்.